கவிழ்த்து வைத்த கேனும் நாலு பக்கப் படிவமும்

கம்ப்யூட்டருக்குப் பொய் தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். ஒருவன் எழுதிக் கொடுத்ததை அதற்குள் ஏற்றிவிட்டால், அது கொஞ்ச நேரம் உள்ளுக்குள்ளேயே உறுமி, இவன் பேப்பரை அவன் பேப்பரோடு ஒத்துப்பார்த்து, புளுகியவன் பெயரை மட்டும் சிவப்பு எழுத்தில் அச்சடித்து வெளியே தள்ளும் என்பது என் எண்ணம். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தெருவில் நாலு பேர் கூடி நின்றால் நடுவில் நின்று பேசுகிறவன் நான்தான். தேர்தல் முடிவிலிருந்து ஏரித் தண்ணீர் வரை எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து இருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு பெட்டிக்குப் பயந்து பதினெட்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

என் தொழில் பினாயில். கிராமத்தில் எங்கள் கொல்லை நிலத்தில் அண்ணனோடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தவன், திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், இனி கொல்லையில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டு டவுனுக்கு வந்தேன். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நீல டிரம், கலக்குவதற்கு ஒரு சவுக்குக் கட்டை, சென்னையிலிருந்து வாங்கிவந்த மூலச்சரக்கு, கிணற்றுத் தண்ணீர். தொழிற்சாலை அவ்வளவுதான். மூலச்சரக்கை ஊற்றித் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பால் மாதிரி வெளுக்கும். வெளுத்தால் பினாயில். வெளுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கலக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது அண்ணன் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "போ. ஊத்திக்கிச்சுன்னா வா. கொல்லையில உன் பாதிய யாரும் தூக்கினு போயிட மாட்டாங்க." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'வா' பதிமூன்று வருஷம் என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்துவந்தது.

கொட்டகைக்கு நேர் பின்னால் மூன்று லாட்ஜ்கள். மூன்றும் ஒரே முதலாளியுடையவை. நடு லாட்ஜில் சாப்பாட்டு ஹாலும் உண்டு. நான் கலக்கிய பினாயிலில் முக்கால்வாசி அந்த மூன்று லாட்ஜின் கக்கூஸ்களுக்குத்தான் போனது. அந்த வாடிக்கை இருக்கும்வரை நான் டவுன்காரன். அது போனால் மல்லாட்டைக் கொல்லைதான். நடுவில் வேறு ஊர் எதுவும் கிடையாது.

அந்த லாட்ஜ்கள் எங்களிடம் சரக்கு வாங்கிய அழகைச் சொல்ல வேண்டும். பினாயில் தீர்ந்தால், நடு லாட்ஜில் துப்புரவு வேலை பார்த்த அம்மா பின்பக்க மொட்டைமாடிச் சுவரின் மேல் காலிக் கேனைக் கவிழ்த்து வைப்பார். என் கொட்டகை வாசலில் நின்றால் அது தெரியும். ஒரு கேன் கவிழ்ந்திருந்தால் ஒரு லாட்ஜுக்கு, இரண்டு கவிழ்ந்திருந்தால் இரண்டுக்கு. பக்கத்தில் துடைப்பம் சாய்ந்திருந்தால் துடைப்பமும் வேண்டும். கேன் நிமிர்ந்து நின்றால் மட்டும் வேறு சேதி. ஏதோ சரியில்லை, வந்து பேசு என்று அர்த்தம். பதிமூன்று வருஷத்தில் அது மூன்றே முறைதான் நிமிர்ந்தது.

வாழை இலை போடுகிறவருக்கு வேறு அடையாளம். காலை பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போதே, டீக்கடையில் நிற்கும் லாட்ஜ் சமையல்காரர் விரலைக் காட்டுவார். ஒரு விரலுக்கு ஒரு கட்டு. பால்காரருக்கு அதுவும் கிடையாது. லாட்ஜ் வாசலில் எத்தனை டூரிஸ்ட் வேன் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அவராகவே ஊற்றிவிட்டுப் போவார். இதில் ஒரு வரியைக்கூட யாரும் பேப்பரில் எழுதியதில்லை.

பௌர்ணமிக்கு மட்டும் தனி ஏற்பாடு. கிரிவலக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகப் பெருக, அன்றைக்கு ஊருக்குள் வண்டி விடுவதைப் போலீஸ் நிறுத்திவிட்டது. பஸ்களெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிற்கும். இலை, பால், காய்கறி, கேஸ், தண்ணீர் கேன் எல்லாம் வேங்கிக்காலிலும் செங்கம் ரோட்டிலும் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். லாட்ஜ் நிரம்பி வழிகிற நாளில்தான் லாட்ஜுக்குச் சரக்கு வராது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவன். என்னிடம் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று இருந்தது. அதனால், யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்காமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. இலையும் காய்கறியும் மளிகையும் முந்தின நாளே என் கொட்டகையில் இறங்கிவிடும். பால் மாதிரி அன்றன்றைக்கு வர வேண்டியது தடுப்பு வரை வரும். நான் போய் ஏற்றிக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து லாட்ஜில் சேர்ப்பேன்.

"பினாயில் வருது, ஒதுங்குங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழிவிடும். உண்மையில் அன்று வண்டியில் பினாயில் இருக்காது. என் மனைவி முந்தின நாளே வண்டியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவாள். ஆனால் என் சட்டையைக் கழுவ வழியில்லை; அது எத்தனை முறை துவைத்தாலும் என் தொழிலைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கு நான் எதுவும் வாங்கியதில்லை. மறுநாள் இலைக்காரர் ஒரு கட்டு இலையைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போவார். வீட்டில் மூன்றே பேர் இருந்துகொண்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரம் கல்யாண வீடு மாதிரி இலை போட்டுச் சாப்பிடுவோம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பழைய முதலாளி மூன்று லாட்ஜ்களையும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். கம்பெனிக்குப் பல ஊர்களில் லாட்ஜ் உண்டு. ஒரு நாள் காலை, சரக்கு கொடுக்கிற எட்டுப் பேரையும் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொன்னார்கள். இலை, பால், காய்கறி, மளிகை, கேஸ், தண்ணீர் கேன், பூ, பினாயில். சென்னையிலிருந்து ஒரு பர்ச்சேஸ் மேடம் வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஃபைல், காதில் பேனா.

வெளியிலிருந்து கம்பெனிக்குச் சரக்கு கொடுப்பவருக்கு வெண்டர் என்று பெயர் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மேடம் பொறுமையாகச் சொன்னார். இனி ஒவ்வொரு வெண்டருக்கும் ஒரு நம்பர். ஆர்டர் பேப்பரில்தான் வரும். சொன்ன நேரத்துக்கு வந்தாரா, சரக்கு எப்படி இருந்தது என்று மாதாமாதம் மார்க். மார்க் குறைந்துகொண்டே போனால் வேறு ஆள். அதற்கெல்லாம் முதல் படியாக நாலு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். இரண்டில் தமிழ்தான் கஷ்டமாக இருந்தது.

இலைக்காரர் எழுந்தார். "மேடம், சரக்குக்கு எக்ஸ்பைரி தேதி கேட்டுக்குது. காலையில வெட்டினா சாயங்காலம் சுருண்டுடும். சாயங்காலம்னு போட்டுக்கவா?"

மேடம் சிரிக்காமல், "போட்டுக்கங்க" என்றார். ஹாலே அதிரும்படி சிரித்தவன் நான்தான். சிரித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். சிரிப்பு அங்கேயே நின்றது.

உற்பத்திக் கூடத்தில் பணியாளர்களுக்குச் சீருடை உண்டா? தீத்தடுப்புச் சாதனங்கள் உண்டா? தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் உண்டா, அதன் பொறுப்பாளர் யார்? இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று முறை எழுதி யாராவது வாடிக்கையைக் காப்பாற்றியிருக்கிறார்களா? வீட்டுக்குப் போய் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று எழுதினேன். ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன்.

"நானா?" என்றாள்.

"நீதான மோந்து பாத்துட்டு, இது கம்மி, இது ஜாஸ்தின்னு சொல்ற."

"அதுக்குப் பேரு ஆய்வகமா? அப்ப நம்ம வூட்டு சாம்பாருக்கும் ஒரு ஆய்வகம் இருக்குதுன்னு எழுதுங்க."

கடைசிப் பக்கத்தில் கடைசிக் கேள்வி: நீங்கள் சரக்கு கொடுக்க இயலாத நாளில், உங்களுக்குப் பதிலாகக் கொடுப்பவர் யார்? நான் வெகுநேரம் யோசித்தேன். ஊரில் வேறு பினாயில்காரன் பெயரை நானே எழுதிக் கொடுப்பது, என் இலையில் நானே ஆளைக் கூட்டிவந்து உட்கார வைப்பது மாதிரி. அதனால் என் பெயரையே எழுதினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நீங்க வர முடியாத நாள்ல நீங்களே வருவீங்களா?"

"வருவேன்."

"எப்படி?"

"அதெல்லாம் அவங்களுக்குப் புரியும்."

மறுநாள் படிவத்தைக் கொடுக்கப் போனபோது லாட்ஜ் மேனேஜர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பழைய முதலாளி காலத்திலிருந்து இருக்கிறவர், புதுக் கம்பெனி என்ன செய்யுமோ என்று தானே நடுங்கிக்கொண்டிருந்தவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "சென்னையிலேர்ந்து கம்ப்யூட்டர் வருதுங்க. இதையெல்லாம் அதுல ஏத்துவாங்களாம். அதுவே எல்லாத்தையும் ஒத்துப் பாக்குமாம். அப்புறம் நேர்ல வந்தும் பாப்பாங்க. எல்லாம் கரெக்டாதான எழுதிக்கிறீங்க?"

"பின்னே?" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. படிவம் அவர் மேஜை டிராயருக்குள் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து பதினெட்டு நாள் நான் செய்ததெல்லாம், எழுதிய பொய்களை ஒவ்வொன்றாக உண்மையாக்குகிற வேலைதான். முதலில் சீருடை. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்த மச்சானிடமிருந்து ஒரு பழைய வெள்ளைக் கோட்டை வாங்கிவந்தேன். பாக்கெட்டில் டானிக் கறை, சிவப்பாக. என்னிடம் இருந்த ஒரே பணியாளர், கட்டை பிடித்துக் கலக்குகிற பெரியவர். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில யாரோ செத்தவன் கோட்டுய்யா இது. வேணும்னா நீ போட்டுக்க" என்றார். நானே போட்டுக்கொண்டேன். சந்து முனையில் என்னைப் பார்த்த ஒரு அம்மா, பேத்திக்குக் காய்ச்சல், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அடுத்தது தீத்தடுப்பு. ஒரு வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மணல் நிரப்பி வாசலில் தொங்கவிட்டேன். ஆணி தாங்கவில்லை, கீழே வைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை அன்று மத்தியானமே அந்த மணலைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. நல்லவேளை, நாற்றத்துக்கு மருந்து கொட்டகையிலேயே இருந்தது.

கடைசியில் ஆய்வகம். அலமாரியின் ஒரு தட்டைக் காலி செய்து, மூன்று கண்ணாடி பாட்டில்களில் மகளின் நீல மையைக் கரைத்து வைத்தேன். 'ஆய்வகம், அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று போர்டு எழுதி மாட்டினேன். ஒரு அலமாரித் தட்டுக்குள் எந்த அந்நியன் வரப்போகிறான் என்று மனைவி கேட்டாள். நான் போர்டை நேராக்கிக்கொண்டிருந்தேன். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். மல்லாட்டைச் செடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு வருமே, அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு நாள் காலையும் வாசலுக்கு வந்து முதல் வேலையாக மாடியைப் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள், சுவரின் மேல் ஒரே ஒரு கேன். நிமிர்ந்து நின்றது.

முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்துவிட்டேன் என்பது லாட்ஜ் படி ஏறும்போதுதான் தெரிந்தது. மேனேஜர் அறையில் மேடம் தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜையில் எங்கள் எட்டுப் பேரின் படிவங்கள். மூலையில் கம்ப்யூட்டர் வந்த பெரிய அட்டைப் பெட்டி, இன்னும் பிரிக்காமலே. அதன் மேல் அவருடைய டீ கிளாஸ்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். கோட்டு மச்சானுடையது என்றேன். வாளி பூனையுடையது என்றேன். ஆய்வகத்தில் இருப்பது என் மகளின் இங்க் என்றேன். பணியாளர்கள் நாலு பேர் என்று எழுதியிருப்பதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள், அதில் ஒருவர் துபாயில் இருக்கிறார் என்றேன். எனக்கு இந்த வாடிக்கை போனால் திரும்பக் கொல்லைக்குத்தான் போகணும், ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி உங்கள் இஷ்டம் என்றேன். ஒரே மூச்சில் இவ்வளவும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேடம் படிவங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார், நான் உங்களை அதுக்குக் கூப்பிடவே இல்லை" என்றார்.

பிறகு எட்டுப் படிவங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி வரிசையாக வைத்தார். பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் வட்டம் போட்டிருந்தார். எட்டு வட்டத்துக்குள்ளும் என் பெயர்.

"இலைக்காரர் வரலைன்னா நீங்க. பால் வரலைன்னா நீங்க. கேஸ் வரலைன்னா நீங்க. நீங்க வரலைன்னாலும் நீங்க. யார் சார் நீங்க?"

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரே ஆள் எட்டுப் பெயரில் சரக்குப் போடுவது வேறொரு ஊரில் நடந்திருக்கிறதாம். இங்கேயும் அப்படி என்றால் எட்டு வாடிக்கையையும் அன்றைக்கே நிறுத்துவதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்றார். என் கொல்லைக்கு இப்போது இன்னும் ஏழு பேர் மல்லாட்டை பிடுங்க வருகிற மாதிரி ஆகிவிட்டது.

"மேடம், பௌர்ணமிக்கு ஒரு தடவ வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. என் வாயை நானே நம்ப மாட்டேங்க."

பௌர்ணமிக்கு அப்போது ஐந்து நாள் இருந்தது. அவர் காலண்டரைப் பார்த்தார். அதுவரை எதையும் நிறுத்துவதில்லை, தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் நேராக இலைக்காரரைப் போய்ப் பிடித்தேன். "யோவ், ஏன்யா என் பேரை எழுதின?"

"வேற யார் பேரை எழுதறது? நான் உள்ள வர முடியாத நாளு பௌர்ணமி ஒண்ணுதான். அன்னிக்கு யாரு எடுத்தும்போய்க் குடுக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உனக்குத் தெரியாதா இன்னா?" என்றார். ஏதோ நான்தான் மறந்துவிட்ட மாதிரி.

மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவருக்கொருவர் கலந்து பேசவில்லை. அவர்கள் படிவங்களிலும் புளுகுக்குக் குறைவில்லை என்பது பின்னால் தெரிந்தது. தண்ணீர் கேன்காரர் தன்னிடம் மூன்று லாரி இருப்பதாக எழுதியிருந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஏழு பேரும் உண்மையை எழுதியிருந்தார்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

பௌர்ணமியன்று பதினோரு மணிக்கு நான் வேங்கிக்கால் தடுப்பில் பாலுக்காகக் காத்திருந்தேன். கம்பெனி கார் ஒன்று வந்து நின்றது. மேடம் கண்ணாடியை இறக்கி, போலீஸ்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டினார். "கார்டு எல்லார்கிட்டயும் இருக்குதும்மா, எறங்கி நடங்க" என்றார் அவர். மேடம் ஃபைலோடு இறங்கினார். என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாலு கேனை என் வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் போய்விட்டார்.

வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், பால் கேனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்று பின்னாலேயே நடந்து வந்தார். கொஞ்ச தூரத்தில் ஃபைல் பால் கேன் மேல் ஏறியது. அப்புறம் கைப்பை ஏறியது. அப்புறம் ஒரு மேட்டில் நான் இறங்கித் தள்ளியபோது, அவரும் ஒரு கை கொடுத்தார். டவுனுக்குள் கூட்டம் நெருக்கியதும் நான் வழக்கமான குரலைக் கொடுத்தேன். ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மேடம் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பினாயில் எங்க இருக்கு?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் மூக்கைப் பிடிக்கிறாங்க?"

"சட்டையிலேர்ந்து வருதுங்க."

கொட்டகையில் டிரம்மைச் சுற்றி இலைக் கட்டுகள், காய்கறிக் கூடைகள், மளிகை மூட்டை, பூக்கூடை எல்லாம் அடுக்கியிருந்தன. எது எந்த லாட்ஜுக்கு என்று சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. என் மனைவி ஈரத்துணியை இலை மேல் போர்த்திக்கொண்டிருந்தாள். மேடம் ஆய்வகப் போர்டைப் படித்தார். நீலப் பாட்டில்களைப் பார்த்தார். வாளிக்குள் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்தார்.

"நீங்கதான் ஆய்வகப் பொறுப்பாளரா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"ஆமாங்க. மோந்துதான் பாப்பேன்" என்றாள் அவள்.

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்படியே மணல் வாளிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எந்தச் சரக்கு எப்போது வந்து இறங்குகிறது, எத்தனை நடை, எந்தச் சந்து, மழை வந்தால் என்ன செய்வீர்கள். நான் உண்மையை மட்டுமே சொன்னேன். புதுசாக இருந்ததால் அடிக்கடி தடுமாறியது. நடுவில் மாடியைக் காட்டி அந்தக் கேன்கள் என்ன என்று கேட்டார். கவிழ்ந்த கேனையும் நிமிர்ந்த கேனையும் விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார். மதியம் சாப்பாட்டு ஹாலில் நாலு பந்தி நடந்தது. மூன்றாவது பந்தியில், என் வண்டியில் வந்த இலையில், என் வண்டியில் வந்த மோரை ஊற்றிக்கொண்டு அவரும் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து எட்டுப் பேரையும் மறுபடி கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் வெண்டர் நம்பர் கிடைத்தது. பௌர்ணமியன்று மட்டும் நேரத்துக்கு மார்க் கிடையாது என்று சேர்த்திருந்தார்கள். இலைக்காரர் தன் நம்பரைப் பார்த்துவிட்டு, பஸ் நம்பர் மாதிரி இருக்கிறதே, எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மட்டும் மேடம் உட்காரச் சொன்னார்.

கம்பெனியின் எல்லா லாட்ஜ்களுக்கும் இனி பினாயில் சென்னையில் ஒரே இடத்திலிருந்து வரும் என்றார். மொத்தமாக எடுப்பதால் அதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். என் சரக்கில் குறையில்லை என்றும் சொன்னார். அண்ணனின் 'வா' காதுக்குள் வந்து உட்கார்ந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். உட்காருங்க, இன்னொண்ணு இருக்கு என்று இரண்டாவது பேப்பரை எடுத்தார். பௌர்ணமியிலும் தீபத்தன்றும் தடுப்பிலிருந்து மூன்று லாட்ஜுக்கும் எல்லாச் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு எனக்கு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், ஒரு வருஷத்துக்கு. இத்தனை வருஷமாக ஒரு கட்டு இலைக்குச் செய்துகொண்டிருந்த வேலை.

கிளம்பும்போது மேனேஜரிடம் கேட்டேன், அந்த நாலு பக்கத்தையும் ஏற்றியபோது கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று. "யாருங்க அவ்ளோவும் ஒக்காந்து அடிக்கிறது?" என்றார். "பேரு, விலாசம், போன் நம்பர். அவ்ளோதான் ஏத்திக்குது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கேட்டுவிட்டு, கட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ரமணாசிரமம் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் நல்ல பினாயில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றாள். மறுநாளே கேனைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியதில் டிரம் காயாமல் ஓடியது. கோட்டை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன். வாளி பூனைக்கே போனது.

ஒப்பந்தத்தை ஐந்து முறை புதுப்பித்தார்கள். நான் கொல்லைக்குத் திரும்பவில்லை. ஒப்பந்தம் போட்டு வந்த முதல் பௌர்ணமிக்கு, வேங்கிக்கால் தடுப்புக்கு அந்தப் பக்கம் சென்னை லாரி ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. அதில் இருந்தது இருபது கேன் பினாயில். ஒப்பந்தப்படி நான் முதலில் ஏற்றிக்கொண்டுபோனது அதைத்தான்.